பேச்சு மூச்சு

பன்னிரண்டு கிராம், கூட ஒரு குன்றிமணி.
அந்தக் குன்றிமணிதான் தகராறு.
ஊர்மாஸ் தராசை விட்டு நகரவில்லை.
பலகையின் மூலைகளை அரத்தால் தேய்த்தான்,
காய்ந்த ஈயப் பொட்டுகளைச் சுரண்டினான்,
கடைசியில்
கண்டெடுப்பவருக்காக நான் எழுதி ஒட்டியிருந்த
"பயப்படாதீர்கள், இது வெறும் விளையாட்டு"
என்ற காகிதத்தையும் உரித்து எறிந்தான்.
தராசு சரி என்றது.

மின்கலம் கிடையாது.
நகத்தளவு சூரியத் தகடுகள் நான்கு.
வெயில் விழுந்தால் பேசும்,
விழாவிட்டால் இல்லை.
பத்து மில்லிவாட் குரல்.
என் ஐஸ்பெட்டிக்குள் எரியும் விளக்கு
அதைக் கேட்டால் சிரிக்கும்.

பல் கட்டும் கூடத்தில் வேலை எனக்கு,
பிறர் கடைவாய்க்கு அச்சு எடுப்பவள்.
அதனால் பலூன் தாளின் விளிம்பைச்
சூடு வைத்து ஒட்டும் பொறுப்பு என் தலையில்.
லாரிஸா நார்வாவிலிருந்து ரயிலில் வந்தாள்.
அவளுடைய எஸ்தோனியம் பாதி, என் ரஷ்யன் பாதி,
மீதியை மேசைமேல்
விரலால் தட்டிக்கொள்வோம்,
குட்டை நெட்டையாக.

நவம்பர் கடைசி. ராக்வெரேக்கு வெளியே
உறைந்துபோன உருளைக்கிழங்கு வயல்.
ஹீலியத்தை அரை வயிறாகத்தான் கொடுத்தோம்.
முழு வயிறு மேலே போனதும் வெடித்துவிடும்.
முடியைவிட மெல்லிய கம்பியின் நுனியைப் பிடித்து
கன்று இழுக்க நடப்பவள்போல
லாரிஸா வயல் முழுக்க நடந்தாள்.
விட்டுவிடு என்று கத்தினோம்.
இன்னும் நான்கு எட்டு நடந்துதான் விட்டாள்.

முதல் நாள் லடோகா ஏரி.
மறுநாள் வெள்ளைக் கடல்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை
தன் பெயர், தான் இருக்கும் கட்டம், உயரம்.
வேறு பேச்சுத் தெரியாது அதற்கு.

பிறகு காற்று வடக்கே திரும்பியது.
அங்கே இந்த மாதம்
சூரியன் எழுந்திருப்பதே இல்லை.

மூன்றாம் நாள்.
ஆறாம் நாள்.
பேச்சு மூச்சு இல்லை, முடிந்தது என்றான் ஊர்மாஸ்.
பேச்சுதான் இல்லை என்றேன்.
மூச்சைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?
என் ஒட்டலைக் குறை சொல்கிறானோ என்று கோபம் வேறு.
அவன் எண்ணெய்க்கல் எரிக்கும் மின்நிலையத்துக்கு
இரவுப் பணிக்குப் போய்விட்டான்.
நான் பதினான்கு பற்கள் வார்த்தேன்,
இரண்டு பழுது.
லாரிஸா வானொலியை அணைக்காமல்
அதன் இரைச்சலிலேயே துணி தேய்த்தாளாம்.

பதினோராம் நாள்
கோடியாக் தீவிலிருந்து ஒரு கடிதம்.
மீன் ஆலையில் வேலை முடித்துப் படுத்திருந்தவர்,
ரெய்னெரியோ என்று பெயர்,
நடுப்பகலில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது
திரையில் எங்கள் அழைப்புக்குறி.
"உங்கள் எறும்பு இங்கே இருமுகிறது" என்று எழுதியிருந்தார்.
மூன்று முறை இருமியிருந்தது.
எத்தனை நாள் இருட்டில் போனதோ,
எந்தப் பனிக்கடல்மேல் போனதோ,
அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
பெயர், கட்டம், உயரம். அவ்வளவே.

அந்தக் காகிதத்தை எறிந்திருக்க வேண்டாம்
என்றான் ஊர்மாஸ்.
எறியாவிட்டால் ஏறியிருக்காது என்றேன்.
இருவர் சொன்னதும் சரி,
அதனால் காப்பி ஆறிப்போனது.

டிசம்பரில் அது உலகைச் சுற்றி முடித்து
எங்கள் பக்கம் வந்தது, இரவில்.
காற்றுக் கணக்குப்படி
மூன்றிலிருந்து மூன்றரைக்குள்
என் வீட்டுக்கு நேர் மேலே.
மேலங்கியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
ஒரே மேகம்.
தெரிந்திருக்கப் போவதில்லை, தெரிந்தேதான் வந்தேன்.
பக்கத்து வீட்டு நாய் ஒருமுறை பார்த்துவிட்டுப்
படுத்துக்கொண்டது.

அதற்கும் பேச்சில்லை, எனக்கும் பேச்சில்லை.
மூச்சு மட்டும் வெள்ளையாக
என் வாயிலிருந்து புறப்பட்டு மேலே போனது,
கூரை விளிம்புவரைகூட எட்டவில்லை.